நைனாவின் காது: தங்கவயல் லைன் வீடுகளில் மகன் சொல் ஏறாமை குறித்த ஆராய்ச்சி

கோலார் தங்கவயலில் மனிதன் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிப் பார்த்துவிட்டான். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் அது. அதே சாம்பியன் ரீஃபில், தொழிலாளர் லைன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் நைனாவின் காதுக்குள் மகனுடைய ஒரு வாக்கியத்தை இறக்க மட்டும் யாராலும் முடியவில்லை. 1880இல் வந்திறங்கிய ஜான் டெய்லர் கம்பெனி இதற்கு முயன்றதாகவும் தகவல் இல்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் வரையறை. நைனா எனப்படுபவர் அண்டர்கிரவுண்டில் டிரில் பிடித்து, சுரங்கம் மூடியதும் வீட்டுக்கு வந்த தகப்பனார். மகன் எனப்படுபவன் மாரிக்குப்பத்தில் இருட்டோடு ரயிலேறி, பங்காருப்பேட்டை வழியாக பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டோடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். அங்கேயே வாடகைக்கு வீடு பார்த்துக் குடிபோகலாம் என்பது அவன் கட்சி. "மைன்ஸ் தெறக்கப் போறாங்க" என்பது நைனா கட்சி. விவாதம் இதற்கு மேல் நகர்ந்ததாகச் சான்று கிடைக்கவில்லை.

ஏன் நகரவில்லை என்பதில் குழாயடி அறிஞர்கள் இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். ஒரு சாரார் செவிவாதிகள். காற்றழுத்தத்தில் ஓடும் டிரில்லின் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்குச் சுரங்கப் பாதுகாப்புத் துறை வைத்த எல்லையோ 90. பாறைப் பொந்துக்குள் அந்தச் சத்தம் தப்பியோட வழியும் கிடையாது. இப்படி வருஷக்கணக்கில் அடிவாங்கிய காதில், 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர் சுருதிதான் முதலில் போகும். 'ச', 'ஸ' மாதிரி மெல்லிய ஒலிகள் உதிர்ந்துவிடும். பேசுகிறான் என்பது கேட்கும், என்ன பேசுகிறான் என்பது விளங்காது. கத்தியும் பயனில்லை. கத்தினால் உயிரெழுத்துதான் பெருத்துக் கேட்கும், தேய்ந்த மெய் தேய்ந்தபடியே நிற்கும். இது புரியாமல் தொண்டை கட்டிய மகன்கள் ராபர்ட்சன்பேட்டை முதல் உரிகம் வரை உண்டு.

மறு சாரார் மனவாதிகள். இவர்கள் காட்டும் ஆதாரம் ஒன்றே ஒன்றுதான், ஆனால் பலமானது. பக்கத்து வீட்டில் கறி எடுத்திருக்கிறார்கள் என்று அம்மா அடுப்படியில் முணுமுணுத்தால், "எத்தினி கிலோ?" என்று திண்ணையிலிருந்து குரல் வருகிறது.

மூன்றாவதாக ஒரு காரணம் இருப்பதாக இந்த ஆய்வாளர் கருதுகிறார். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. 2013இல் உலகளாவிய டெண்டர் விட உச்ச நீதிமன்றம் வழிவிட்டது. 2024இல் 13 மண்மேடுகளைக் கிளறித் தங்கம் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புக்கொண்டது. ஆக, நைனா மேற்கோள் காட்ட உச்ச நீதிமன்றமும் அமைச்சரவையும் இருக்கின்றன. மகனிடம் இருப்பது ஒரு சீசன் டிக்கெட். ஆய்வு நெறிப்படி மதிப்பெண் நைனாவுக்கே போகும். இதை மகன்களிடம் சொல்லிப் பயனில்லை, அவர்களும் கேட்பதில்லை.

தீர்வுக்கு ஊருக்கு வெளியே தேட வேண்டியதில்லை. 1965இல், இதே சாம்பியன் ரீஃபுக்குள் சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஒசாகா நகர, டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் விஞ்ஞானிகள் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவைப் பிடித்தார்கள். நியூட்ரினோ எதிலும் முட்டுவது அபூர்வம், பூமியையே துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். மகன் சொல்லும் அதே ரகம். ஒரு காதில் வாங்கி மறு காதில் விடுவதாகச் சொல்வது பாமர வழக்கு. உள்ளபடி அது நைனாவையும் கட்டிலையும் பின்சுவரையும் தாண்டி ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. விஞ்ஞானிகள் இதற்காகக் கத்தவில்லை. மற்ற கதிர்களையெல்லாம் தலைக்கு மேலிருக்கும் பாறை தடுக்கட்டும் என்று கீழே போய் உட்கார்ந்து, எப்போதாவது விழும் ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள்.

ஆகவே செய்முறை: டிவியை அணை. பேரனைக் கடைக்கு அனுப்பு. செய்தித்தாளை ஒளித்துவை. அடுத்து, பேச்சை விடு. அண்டர்கிரவுண்டில் ஆளிறக்கும் கேஜ் ஏறுவதும் இறங்குவதும் மணியடியில் நடந்தது. டிரில் ஓடுகையில் தலை லைட்டை ஆட்டித்தான் ஜாடை. வேலைக் காலமெல்லாம் நைனா வாய்ச்சொல்லை நம்பி ஒரு காலை எடுத்து வைத்ததில்லை. எனவே அம்மா தண்ணீர்ச் சொம்பைத் தரையில் 'ணங்'கென்று வைக்க வேண்டும். நைனா நிமிர்வார். அந்தக் கணத்தில் மகன் முகத்தில் வெளிச்சம் படும்படி எதிரே உட்கார்ந்து, அடித்தொண்டையில், நிதானமாகச் சொல்ல வேண்டும்.

சோதிக்கப்பட்டது.

"நைனா, ஞாயித்துக்கெழம வீடு பாக்கப் போறோம். நீயும் வா."

நைனா கூரையைப் பார்த்தார். சொம்பைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"எத்தினி மணி ரயிலு?"

முட்டிவிட்டது! அம்மா வெள்ளைச் சட்டையை எடுக்க உள்ளே போனாள். காலை ரயில் என்றான் மகன்.

"காலையிலயா? வாணாம். அன்னிக்கி யூனியன் ஆபீஸ்ல கூட்டம். மைன்ஸ் தெறக்கறதப் பத்தி."