அடேயப்பாவுக்கு மாத்திரை எத்தனை?

வியப்பைப் பற்றி நம் முன்னோர் எழுதாமல் விடவில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், மெய்ப்பாடுகள் எட்டில் ஒன்றாக மருட்கையை வைத்து, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கிலிருந்து பிறக்கும் என்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்து வாய் பிளந்தால் அது பெருமை. அரிசி மணியில் பெயர் எழுதித் தருகிறவரைச் சுற்றிக் கூட்டம் கூடினால் சிறுமை. டவுசரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடிய பயல், மீசையோடு வந்து கல்யாணப் பத்திரிகை நீட்டினால் ஆக்கம். புதுமைக்கு உதாரணம் தேவையில்லை. கைபேசி வைத்திருப்போர் அறிவர்.

ஐந்தாவதாக ஒன்று உண்டு: விலை. அக்காலத்தில் ஆடித் தள்ளுபடி இல்லாததால் அது விடுபட்டிருக்கலாம். அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக் களம், ஒரு வீட்டின் முன்னறை. ஆய்வுப் பொருள், புதுப் புடவை.

1. ஆவலியல்

மருட்கைக்கு முன்னால் வருவது ஆவல். பார்க்க வந்தவருக்கே ஆவல் என்பது பாமரர் கொள்கை. உண்மையில் அது காட்டுபவருக்கே உரியது. விருந்தாளி பாதிக் காபியில் இருக்கும்போதே காட்டுபவருக்கு இருப்புக் கொள்ளாது. கை பரபரவென்னும், வாய் நமநமவென்னும். பரபர, நமநம இரண்டும் இரட்டைக்கிளவி; பிரித்தால் பொருள் தராது. ஆவலின் இலக்கணமும் அதுதான். பார்க்க இன்னோர் ஆள் வராதவரை பீரோவுக்குள் இருக்கும் புடவைக்கும் பொருள் இல்லை.

2. அளவையியல்

வியப்பை எதனால் அளப்பது? மாத்திரையால்தான். கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு ½. இதன்படி ‘அட’ 2 மாத்திரை, ‘அடடா’ 4, ‘ஆத்தாடி’ 5½, ‘அடேயப்பா’ 6½, ‘அடேங்கப்பா’, ‘அம்மாடியோவ்’ இரண்டும் தலா 7. போதாதென்றால் அளபெடை இருக்கிறது. ‘அடேஎயப்பா’ என்று ஓர் எகரம் கூட்டினால் 7½. அதற்கு மேல் கூட்டுவோருக்கு மூச்சும் காரியமும் இருக்க வேண்டும்.

கீழ் எல்லை ‘ம்’. அரை மாத்திரைதான் என்றாலும், பல வீடுகளில் போக்குவரத்து நின்றது இதனால்தான். மகரம் கால் மாத்திரையாகக் குறுகும் இடங்களை இலக்கண நூல்கள் வகுத்திருக்கின்றன. நாத்தனார் வாங்கிய புடவையைப் பார்க்கும் இடத்தையும் அப்பட்டியலில் சேர்க்குமாறு இலக்கண ஆசிரியர்களை வேண்டுகிறோம்.

இங்கே ஒரு தடை எழலாம். “‘நல்லா இருக்கு’ என்பதும் 6½ மாத்திரைதானே, அதைச் சொன்னால் ஆகாதா?” ஆகாது. அது முடியும் இடத்தைப் பாருங்கள்: அரை மாத்திரையே பெறும் குற்றியலுகரம். புகழத் தொடங்கிய வாய் கடைசி எழுத்தில் குறுகிவிடுகிறது. காட்டியவர் காதில் முதலில் விழுவதும் அந்தக் குறுக்கம்தான்.

3. களக் காட்சி

புடவை பிரிக்கப்படுகிறது. முந்தானை தோளில் விழுகிறது. அடுத்து, தேர்வு.

“எவ்வளவு இருக்கும், சொல்லுங்கக்கா பார்ப்போம்?”

அக்கா ஓரத்தைத் திருப்பிப் பார்க்கிறார். ஜரிகையை விரலால் நிமிண்டுகிறார். மனத்துக்குள் ஆயிரத்து ஐந்நூறு என்று தோன்றுகிறது. வாய் சொல்கிறது: “மூவாயிரத்துக்குக் குறையாதேடி.”

“ஆயிரத்து எண்ணூறுதான்க்கா!”

“அடேங்கப்பா!”

இந்த 7 மாத்திரைக்காகத்தான் மதிப்பு இரட்டிப்பாக்கப்பட்டது. மனத்தில் பட்டதை அப்படியே சொல்லியிருந்தால் அன்றைக்கே உறவு முறிந்திருக்கும். விலையைக் கூட்டிச் சொல்வது விற்பவர் தர்மம் என்பார்கள். வீட்டுக்குள் அது பார்ப்பவர் தர்மம்.

4. கடனியல்

வியப்பும் மொய் போன்றதே. போட்டதைவிடக் குறைத்துத் திருப்பினால் பேச்சு வரும். நம் கிரகப்பிரவேசத்துக்கு ‘அம்மாடியோவ்’ போட்டவர் வீட்டுக் காரைப் பார்த்து வெறும் ‘அட’ போட்டுத் திரும்பினால், 5 மாத்திரை பாக்கி நிற்கும். இதற்கு நோட்டு கிடையாது. ஆனாலும் யாருக்கும் மறப்பதில்லை. அண்மைக் காலத்தில் கைபேசியில் கண் விரிந்த பொம்மை ஒன்றை அனுப்பிக் கடனைத் தீர்க்கப் பார்க்கிறார்கள். ஒலியே இல்லாததால் அதன் மாத்திரை பூஜ்யம். அது வரவில் சேராது.

5. முடிவும் பரிந்துரையும்

வியப்பு பொருளைப் பார்த்து வருவதன்று. காட்டுபவர் முகத்தைப் பார்த்துக் கொடுப்பது. ஆகவே அனைவரும் கீழ்க்கண்ட குறைந்தபட்ச விகிதத்தைக் கடைப்பிடிக்கலாம். புதுச் செருப்பு, சட்டை: 4. புடவை, நகை: 6½. வீடு: 7, அளபெடை தனி. கைக்குழந்தைக்கு உச்சவரம்பு இல்லை.

அடுத்த முறை யாராவது பையைப் பிரித்தால் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, நெடிலாகப் பார்த்து ஒரு சொல் சொல்லுங்கள். செலவு, நாலு தடவை கண் இமைக்கும் நேரம். விலையை மட்டும் நீங்களாகக் கேட்டுவிடாதீர்கள்; அதை அவர்களே சொல்வார்கள்.