பெஞ்சு டாக்டர்

டாக்டர் பார்க்கும் நேரம் மாலை 6 மணி என்று போர்டு சொல்லும். டாக்டரம்மா ஆஸ்பத்திரி டூட்டி முடிந்து, வீட்டுக்குப் போய், பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வந்து சேர ஏழரை ஆகும். அந்த ஒன்றரை மணி நேரம் கிளினிக் சும்மா கிடப்பதில்லை. மின்விசிறிக்கு நேர் கீழே, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் அவர் அதை நடத்துகிறார்.

அவருக்குப் பெயர் தேவையில்லை. மன்னார்குடியிலும் இருக்கிறார், மடிப்பாக்கத்திலும் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர், பென்ஷன்காரர். மடியில் ஜவுளிக்கடைக் கட்டைப்பை. யார் கல்யாணத்துக்கோ பட்டு எடுத்தபோது வந்தது. இப்போது அதற்குள் இருப்பது அவருடைய உடம்பின் சரித்திரம்: எக்ஸ்ரே, ஸ்கேன், பழைய சீட்டுகள், ஒரு ஈசிஜி. அந்த ஈசிஜி தாள் சூட்டில் பதிகிற ரகம். வருஷங்கள் ஆனதில் இதயம் போட்ட கோடெல்லாம் வெளுத்துப்போய் ரோஸ் கட்டம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அதையும் விரித்துக் காட்டி, "பாருங்க, ஒரு கோளாறும் இல்ல" என்பார்.

அவருக்கு மூன்று வியாதிகள் உண்டு: சர்க்கரை, பிரஷர், முட்டிவலி. முதல் இரண்டும் வலிக்காது. ஆகவே அவற்றை அவர் வியாதியாக மதிப்பதில்லை. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் உள்ள மாத்திரைகளை, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' புண்ணியத்தில், ஒரு அம்மா மாதாமாதம் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார். இவரும் மரியாதையாக வாங்கி, பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கிறார். பாட்டில் நிறைந்துகொண்டே வருகிறது. அதே திட்டத்தில் பிசியோதெரபிக்காரரும் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்கித் தொடைத் தசையைப் பலப்படுத்தினால் முட்டிக்குப் பாரம் குறையும் என்று சொல்லிக் கொடுத்தார். "வலிக்கிற காலை ஆட்டச் சொல்றான், படிச்ச பையனா அவன்?" என்று அந்தச் சிகிச்சை முதல் நாளே முடிந்தது.

முட்டிக்கு அவர் நம்புவது வலி மாத்திரையை. மெடிக்கல் தம்பியிடம் "ரெண்டு செட் குடுப்பா" என்றால் போதும். அட்டையின் சிவப்புக் கோட்டுக்கு டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது என்று அர்த்தம். ஆனால் தம்பி கத்தரிக்கோலால் அட்டையை நறுக்குகிற நேர்த்தியில் மருந்தின் பெயர், காலாவதித் தேதி, சிவப்புக் கோடு எல்லாமே கடையிலேயே தங்கிவிடும். காகிதக் கவரில் வருவது நிறம் மட்டும்தான். "காலைல பச்சை, ராத்திரி மஞ்சள்." மருத்துவ அறிவை இதைவிட எளிமையாக யாரும் மக்களிடம் கொண்டு சேர்த்ததில்லை.

பெஞ்சில் அவருடைய ஆலோசனை இப்படிப் போகும்.

"தம்பிக்கு என்ன?"

"இடுப்புவலி சார். டைக்ளோஃபெனாக் ஐம்பது குடுத்திருக்காங்க. காய்ச்சலுக்கு 650."

"ஐம்பதுதானே, குழந்தைக்குக்கூடக் குடுக்கலாம். அந்த 650 இருக்கு பாருங்க, அதுதான் ஹெவி. பாதியா உடைச்சுப் போடுங்க."

மில்லிகிராம் என்பது அவருக்குப் பரீட்சை மார்க். அதிகம் வாங்கியது கெட்டிக்கார மாத்திரை. பாராசிட்டமால் 650 மில்லிகிராம் மாத்திரையைப் பெரியவர்கள் ஒரு நாளைக்கு ஆறு வரை போடலாம், மொத்தம் நாலு கிராமைத் தாண்டக் கூடாது, தாண்டினால் ஈரல் கெடும், குடிப்பவருக்கும் மெலிந்தவருக்கும் அதைவிடக் குறைவே பத்திரம் என்பதெல்லாம் அவர் கணக்கில் வராது. ஐம்பதே ஆனாலும் டைக்ளோஃபெனாக் வேறு ஜாதி. வயிற்றில் புண், சிறுநீரகத்தில் இடைஞ்சல், பிரஷரில் ஏற்றம் என்று அது கை வைக்கும் இடங்களே வேறு.

இதற்கெல்லாம் அவரிடம் ஒரே பரிகாரம்தான். "வெறும் வயித்துல மட்டும் போடாதீங்க. ரெண்டு இட்லி உள்ள போயிடுச்சுன்னா எந்த மாத்திரையும் ஒண்ணும் பண்ணாது." இட்லி வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் தணிக்கலாம். ஆனால் டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்தத்தில் கலந்த பிறகுதான் வேலையைக் காட்டுகின்றன. குடலின் உள்தோலைக் காப்பதற்கும் சிறுநீரகத்துக்கு ரத்த ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்வதற்கும் உடம்பு சுரக்கிற பொருளையே அவை தடுத்துவிடுகின்றன. வலி குறைவதும் அதனால்தான், வம்பு வருவதும் அதனால்தான். அங்கே இட்லி போய் எதைத் தடுக்கும்?

ஐப்பசி, கார்த்திகையில் அவருக்கு சீசன். காய்ச்சலோடு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வரும் தாய்க்கு, "உடம்புவலிக்கும் சேர்த்து இதுல பாதி" என்று கவரைப் பிரித்துவிடுவார். மழைக்காலக் காய்ச்சல் டெங்குவாக இருக்கலாம். அந்த நேரத்தில் ஆஸ்பிரின், இப்யூபுரோஃபென், டைக்ளோஃபெனாக் எதுவும் ஆகாது, ரத்தக்கசிவைக் கிளப்பிவிடும். பாராசிட்டமால்தான், அதுவும் எடைக்கேற்ற அளவில். இதை நர்ஸ் ஓடிவந்து சொன்னால், "எங்க காலத்துல டெங்கு ஏதும்மா?" என்பார். அவர் காலத்திலும் இருந்தது. பெஞ்சுவரை வரவில்லை, அவ்வளவுதான்.

அவரைத் திட்டுவது சுலபம். அதற்கு முன்னால் கொஞ்சம் கடிகாரத்தைப் பாருங்கள். டோக்கன் நாற்பது. டாக்டரம்மாவால் ஆளுக்கு ஐந்து நிமிஷம்கூட ஒதுக்க முடியாது. "எப்போலேர்ந்து வலி? தூக்கம் வருதா? மருமக எப்படி?" என்று கேட்க நேரம் இருப்பது இவர் ஒருவருக்குத்தான். கேட்டுவிட்டு முழுசாகக் காதும் கொடுப்பார். அந்தக் காதுக்காகத்தான் ஜனங்கள் அவருடைய மாத்திரையையும் மன்னிக்கிறார்கள்.

உள்ளே போனதும் ஆள் மாறிவிடுவார். வெளியே பதில் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தவருக்கு உள்ளே வாய் திறந்தால் கேள்விதான். ரத்தப் பரிசோதனைக்கு முந்தின நாலு நாள் சோற்றைக் குறைத்து, பாகற்காய்ச் சாறு குடித்து, வெறும் வயிற்றுச் சர்க்கரையை 110-இல் கொண்டுவந்து வைத்திருப்பார். டாக்டரம்மா அதைப் பார்க்காமல் அடுத்த வரியைப் பார்ப்பார்.

"சார், மூணு மாச சராசரி ஒன்பதுக்கு மேல இருக்கே?"

"இல்லீங்களே, இந்த வாரம் நான் ஸ்வீட்டே தொடல."

"இந்த வாரம் தொடல. போன ரெண்டு மாசம்?"

ரத்தச் சிவப்பணு ஒன்று சுமார் 120 நாள் உயிரோடு இருக்கும். அவ்வளவு நாளும் எவ்வளவு சர்க்கரையில் நீந்தியது என்பதை மறக்காமல் சுமந்துகொண்டு வந்து லேபில் சொல்லிவிடும். மனைவிக்குத் தெரியாமல் தின்ற அல்வாவுக்கு இப்படி ஒரு சாட்சி இருப்பதை அவரால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அல்வா ஜீரணமாகிவிட்டது.

பிறகு அவருடைய நிரந்தரக் கேள்வி வரும். "இந்த சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் வருஷக்கணக்கா போட்டா கிட்னி போயிடும்னு சொல்றாங்களே டாக்டரம்மா?"

யார் சொல்கிறார்கள் என்று டாக்டரம்மா கேட்பதில்லை. பெஞ்சை அவருக்குத் தெரியும். கிட்னியைக் கெடுப்பதில் முதலிடம் கட்டுப்படாத சர்க்கரைக்கும் பிரஷருக்கும்தான், மாத்திரை அதைக் காப்பாற்றத்தான் என்று எத்தனையாவது முறையாகவோ சொல்வார். "வேற என்ன மாத்திரை போடறீங்க?"

"வேற ஒண்ணுமில்ல."

வலி மாத்திரை அவர் கணக்கில் மாத்திரையே இல்லை. அது சும்மா, காபி மாதிரி. கட்டைப்பையைக் கவிழ்க்கச் சொன்னால் கவர் கவராக விழும். நிறம் பார்த்தே கண்டுபிடிக்க டாக்டரம்மாவால் முடியாது என்பதால் மெடிக்கல் தம்பிக்குப் போன் போகும். சளிக்கு வாங்கியதில் பாராசிட்டமால், தலைவலிக்கு வாங்கியதில் பாராசிட்டமால், உடம்புவலி செட்டில் டைக்ளோஃபெனாக்கோடு மறுபடியும் பாராசிட்டமால். மூன்று நிறத்தில் இருந்ததால் மூன்று மருந்து என்று நினைத்திருக்கிறார். போன தடவை காரணம் தெரியாமல் பிரஷர் ஏறி, இன்னொரு மாத்திரை கூட்டி எழுதியதும் டாக்டரம்மாவுக்கு ஞாபகம் வரும். ஏற்றிவிட்டதில் அந்த உடம்புவலி செட்டுக்கும் பங்குண்டு. பிரஷர் மாத்திரைகளில் சில ரகங்களோடு வலி மாத்திரையும் சேர்ந்தால் சிறுநீரகத்துக்கு இரட்டைச் சுமை. போதாக்குறைக்கு, கிட்னிக்கு நல்லது என்று தினமும் இளநீர். இளநீரில் பொட்டாசியம் அதிகம். கிட்னி தளர்ந்துவிட்டவருக்கு அதுவே ஆகாது.

ஆக, காப்பாற்றும் மாத்திரைக்குப் பயந்து பாட்டிலில் போட்டுவிட்டு, பயப்பட வேண்டியதை இட்லியோடு சாப்பிடுகிறார். நம் ஊரில் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போடாத குடும்பம் குறைவு.

நாட்டு மருந்துப் பொடி ஒன்றும் பையில் இருக்கும். பேர் போடாத டப்பா, "சைடு எஃபெக்டே கிடையாது." பத்தே நாளில் வலி பறந்து, பசி கூடி, கன்னம் உப்பிவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் சந்தேகப்பட வேண்டும். அப்படிச் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது பரிசோதனைகளில் அகப்பட்டிருக்கிறது. முறையாகப் படித்த சித்த மருத்துவர் யாரும் பேர் ஒட்டாத டப்பாவைக் கொடுக்கக் கூடாது.

எல்லாம் முடிந்து எழுந்து, திரையை விலக்கி, வாசலில் செருப்பில் ஒரு காலை நுழைத்துக்கொண்டே திரும்புவார்.

"டாக்டரம்மா, மாடி ஏறினா நெஞ்சுல ஒரு அடைப்பு. கொஞ்சம் நின்னா சரியாயிடுது. வாய்வுதானே?"

இருபது கேள்வி கேட்டவர் வந்த காரணம் இந்தச் செருப்புக் கேள்விதான். இந்த ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நம்மவர்கள் மாரடைப்புக்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் வாய்வு. வியர்த்துக் கொட்டி, இடது கையும் தாடையும் வலிக்க, சோடா குடித்து ஏப்பத்துக்குக் காத்திருந்து, 108-ஐ அழைக்கத் தாமதித்துப் போனவர்கள் எத்தனை பேர்! சர்க்கரைக்காரருக்கு அந்த வலிகூடச் சரியாகத் தெரியாமல் போகலாம். டாக்டரம்மா செருப்பைக் கழற்ற வைத்து, உள்ளே கூப்பிட்டு, புது ஈசிஜி எடுத்து, இதய டாக்டருக்குக் கடிதமும் எழுதிக் கொடுத்தார். வலி மாத்திரை இனி கூடவே கூடாது, இதயத்துக்கும் ஆகாது என்று சொன்னார். சொன்னால் மட்டும் கேட்க மாட்டார் என்று தெரிந்து ஒரு கதையும் சொன்னார்.

"சார், பாறு கழுகு தெரியுமா? செத்த மாட்டைத் தின்னுமே?"

"எங்க ஊர் ஏரிக்கரைல நிறைய வரும். இப்பத்தான் காணோம்."

"ஏன் காணோம்னு 2004-ல ஒரு ஆராய்ச்சில கண்டுபிடிச்சாங்க. மாட்டுக்கு வலிக்குப் போட்ட டைக்ளோஃபெனாக். அந்த மாடு செத்து, அதைத் தின்ன கழுகோட கிட்னி நின்னுபோச்சு. 2006-ல மாட்டுக்குப் போடறதைத் தடை பண்ணாங்க. மனுஷனுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போடறாங்கன்னு, 2015-ல ஊசி மருந்தை மூணு மில்லிக்கு மேல அடைக்கக் கூடாதுன்னுட்டாங்க. நம்ம பக்கம் இப்ப மோயாறு பள்ளத்தாக்குலதான் சொச்சம் இருக்கு. கழுகுக்குக் கொஞ்சமே விஷம். நமக்கு அவ்வளவு இல்ல. ஆனா நீங்க வருஷக்கணக்கா போடறீங்களே?"

அவர் அசந்துபோய் வெளியே வந்தார்.

அடுத்த வாரம் அதே பெஞ்சு, அதே பை. பக்கத்தில் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு புது ஆள். நம்மவர் கழுகுக் கதையை டாக்டரம்மாவைவிட நன்றாகச் சொன்னார். இறக்கை விரித்தார், வட்டமடித்தார், மாட்டின் மேல் இறங்கினார், வருஷம் தப்பாமல் கிட்னியை நிறுத்தினார். புது ஆள் மிரண்டுபோய்த் தன் கையிலிருந்த காகிதக் கவரைப் பார்த்தார்.

"அப்போ இதைப் போடலாமா, வேண்டாமாண்ணே?"

நம்மவர் கவரை வாங்கிப் பிரித்து, மாத்திரையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"கழுகு வெறும் வயித்துல தின்னுருக்கும் தம்பி. நீங்க ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டுப் போடுங்க."