மிகுதியும் பற்றாக்குறையும் ஒருங்கே

மலேசியாவின் கெடா மாநில ரப்பர்த் தோட்டங்களில் மருத்துவத்தை நெடுங்காலம் தாங்கி நின்றவர் டிரெசர், அதாவது மருத்துவப் பட்டம் இல்லாமலேயே புண்ணுக்குக் கட்டுப்போடுவது முதல் காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பது வரை கவனித்த தோட்ட மருத்துவ உதவியாளர். இவர்களைப் பதிவு செய்ய 1965இல் தனிச் சட்டமே இயற்றப்பட்டதை நோக்கும்போது, மருத்துவரைத் தோட்டத்துக்கு வரவழைப்பதைவிடத் தோட்டத்தில் இருப்பவரைப் பதிவேட்டில் ஏற்றுவது எளிது என்பதை நிர்வாகம் உணர்ந்திருந்தது புலனாகிறது.

பின்னர் கல்வியின் காலம் வந்தது. மலேசிய இந்தியக் காங்கிரஸ் (ம.இ.கா.) கட்சியின் கல்விப் பிரிவான எம்.ஐ.இ.டி.யின் முயற்சியால் 2001இல் தோன்றிய ஏம்ஸ்ட் பல்கலைக்கழகம், தோட்டங்கள் சூழ்ந்த பீடோங் வட்டாரத்தில் மருத்துவம் கற்பிக்கிறது. மாநிலத்தின் வடக்கே ஜித்ரா நகர் அடங்கிய குபாங் பாசு மாவட்டத்துக்கோ சிந்தோக்கில் மேலாண்மைக் கல்விக்குப் பெயர்பெற்ற வட மலேசியப் பல்கலைக்கழகம் வாய்த்தது. தெற்கே மருத்துவர், வடக்கே அவருக்காகக் காத்திருக்கும் வரிசையை நிர்வகிப்போர் என்ற இந்தப் பங்கீட்டைத் திட்டமிட்டவர் எவருமிலர் எனினும், திட்டமிட்டிருந்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமைந்திராது.

நாடெங்கும் மருத்துவக் கல்லூரிகள் பெருகவே, 2011இல் புதிய மருத்துவப் படிப்புகளுக்குத் தற்காலிகத் தடை வந்தது. இருந்தும் பதவிகள் போதாமல், 2016 இறுதியில், பயிற்சி மருத்துவர்களை நிரந்தரப் பணியில் அமர்த்தாமல் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் நியமிக்கும் ஒப்பந்த முறை வந்தது. பதவிகளுக்கு மருத்துவர் மிகுதி, நோயாளிகளுக்கு மருத்துவர் குறைவு என்னும் இரு உண்மைகளும் ஒரே சுகாதார அமைச்சின் கோப்புகளில் சண்டையின்றிக் குடியிருக்க, 2021 ஜூலை 26 அன்று ஒப்பந்த மருத்துவர்கள் பணியிடங்களிலிருந்து வெளிநடப்புச் செய்தனர், கோப்புகள் செய்யவில்லை.