கோடைமலையைக் கேளுங்கள்

கே: கொடைக்கானல் ஏரி இயற்கையானதா?

ப: இல்லை. ஓடையும் சதுப்புமாகக் கிடந்த பள்ளத்தில் 1863-இல் கரை போட்டுத் தண்ணீரைத் தேக்கியவர், மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச். தூத்துக்குடியிலிருந்து படகும் வரவழைத்தார். அயர்லாந்தின் பெரிய பண்ணைக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்தவர். அவர் பெயர் நமக்குத் தெரியும். மண் சுமந்தவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா?

கே: ஊரையே உண்டாக்கியது இங்கிலீஷ்காரர்கள்தானே?

ப: முதல் பங்களாக்கள்கூட அவர்களுடையவை அல்ல. சமவெளியின் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்த அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் கட்டிய சன்னிசைடும் ஷெல்டனும்தான் முதலில் வந்தவை. பங்களாவுக்கு முன்பே வில்பட்டி இருந்தது, பூம்பாறை இருந்தது. பெத்துப்பாறைக்குப் போய்ப் பாருங்கள்: பக்கத்துக்கு ஒரு பலகைக்கல், மேலே மூடுகல் என்று கற்திட்டைகள் நிற்கின்றன. அவற்றை எழுப்பியவர்கள் வாழ்ந்தது இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பு.

கே: குறிஞ்சி ஆண்டவர் கோயிலைக் கட்டியது வெள்ளைக்காரப் பெண்ணா?

ப: ஆமாம், 1936-இல். இந்துவாக மாறி லீலாவதி ஆனவர். இலங்கைத் தலைவர் பொன்னம்பலம் ராமநாதனின் மனைவி.

கே: ரோடு இல்லாத காலத்தில் துரைமார் எப்படி ஏறினார்கள்?

ப: பலர் ஏறவில்லை, ஏற்றப்பட்டார்கள். அம்மையநாயக்கனூர் வரை ரயில். அங்கிருந்து பெரியகுளம் வழியாக மாட்டு வண்டியில் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்பு. அதற்குமேல் குதிரை, இல்லாவிட்டால் ஆள் தூக்கும் டோலி. பெட்டி படுக்கையும் தலைச்சுமையாகத்தான் மேலே போனது.

கே: எங்கள் மலைக் கிராமத்தின் வரலாற்றை எழுத ஆசை. எங்கே தொடங்குவது?

ப: உடனே தொடங்குங்கள்! இங்கிலாந்தில் 1538-இல் அரசரின் மந்திரி தாமஸ் கிராம்வெல் ஒரு உத்தரவு போட்டார்: ஒவ்வொரு பங்குக் கோயிலும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஏட்டில் எழுத வேண்டும். அதனால் அங்கே பண்ணைக் கூலியின் பேரன்கூடத் தன் பாட்டன் பூட்டனைத் தேடிப் பிடிக்கிறான். நமக்கு அந்த ஏடு இல்லை, பத்திரம் இருக்கிறது. வீட்டுப் பெட்டியில் உள்ள பழைய கிரயப் பத்திரத்தை எடுத்து, நான்கெல்லை சொல்லும் இடத்தை நிதானமாகப் படியுங்கள். 'இன்னார் தோட்டத்துக்குத் தெற்கு, இன்ன ஓடைக்கு மேற்கு' என்று இருக்கும். தூர்ந்துபோன ஓடை, மறைந்த பாதை, ஊரைவிட்டுப் போன குடும்பம் எல்லாம் அந்த நாலு வரியில் கிடைக்கும். அடுத்து எழும்பூர் ஆவணக் காப்பகம். 1821-இல் வார்டு என்ற சர்வேயர் இந்த மலையை அளந்த காலத்திலிருந்து அரசாங்கம் எழுதிக் குவித்திருக்கிறது. ஆனால் காகிதம் காத்திருக்கும், எண்பது வயதுப் பாட்டி காத்திருக்க மாட்டார். முதலில் அவரிடம் போய் உட்காருங்கள். உங்கள் வீட்டில் டோலி தூக்கிய தாத்தா யாராவது இருந்தால், அவர் பெயரை எனக்கு எழுதி அனுப்புங்கள்.