மக்கிள் தாத்தா சொல்லுதேன்

ஏலே பேராண்டி, எழுவது வயசுக் கெழவன் கோவில்பட்டியில இருந்து பாஸ்டனுக்கு வந்து எறங்கி நாலு நாள் ஆகல. ஊரு சுத்திக் காட்டுதேன்னு சொல்லி நேரா கிரானரி கல்லறைத் தோட்டத்துல கொண்டாந்து நிப்பாட்டுத. எடம் கிடம் பாத்து வைக்கியோ? இது 1660-லயே தெறந்த எடமாம்லா, எனக்கு மிச்சம் இருக்காது.

சரி, வெளையாட்டுன்னு சொன்ன. எவனோ ஒளிச்சு வச்ச டப்பாவ போனு பாத்துத் தேடுறது. சின்ன வயசுல நாங்களும் வைக்கப்போருக்குள்ள மாங்கா ஒளிச்சுத் தேடியிருக்கோம். அதுக்குச் சாட்டிலைட்டு தேவைப்படல. 2000-வது வருசம் மே மாசம் ரெண்டாந்தேதி அமெரிக்காக்காரன் எடம் காட்டுத சாட்டிலைட்டுக் கணக்குல வேணும்னே கலந்து வச்சிருந்த பிசகை எடுத்துவிட்டான். மறுநாளே ஆரெகன் காட்டுல டேவ் அல்மர்னு ஒருத்தர் இந்த வெளையாட்டுக்கு மொத டப்பாவா ஒரு வாளிய ஒளிச்சுட்டாரு. உள்ள ஒரு பீன்ஸ் டப்பா, ஒரு உண்டிவில்லு, இன்னும் என்னென்னமோ. அந்த வாளிய மண்ணுல பாதி பொதைச்சுத்தான் வச்சாராம். இப்ப ஒங்க வெளையாட்டுச் சட்டமே மண்ணைத் தோண்டாதேங்குது. நல்லதாப் போச்சு. இங்கன தோண்டுறதுக்கு உரிமை உள்ளவுகள்லாம் சோலிய எப்பவோ முடிச்சுட்டாக.

கால்மாட்டைப் பாத்து நடலே! ஒனக்கு வழி சொல்லுத சாட்டிலைட்டு இருவதாயிரம் கிலோமீட்டர் ஒசரத்துல சுத்துது. அதுக்குக் கல்லு தெரியாது, ஒனக்குத் தெரியணும்லா? ஓரமா நடந்தா மிதிக்க மாட்டோம்னு நெனைக்காத. இங்க அடங்கினவுக அஞ்சாயிரம் பேருக்குப் பக்கம், கல்லு ரெண்டாயிரத்துச் சொச்சந்தான். அந்தக் கல்லையும் பின்னாடி வந்தவுக அழகுக்கும் புல்லு வெட்டுத வசதிக்கும் பிடுங்கி வரிசையா நட்டுட்டாக. கல்லு ஒரு பக்கம், ஆளு ஒரு பக்கம். ரேசன் கடை வரிசையில செருப்ப வச்சுட்டு மனுசன் டீ குடிக்கப் போன கதைதான்.

அந்தா, பெரிய தூணுல பிராங்க்ளின்னு பேரு வெட்டியிருக்கு பாரு. மவன் பெஞ்சமின் படுத்திருக்காருன்னு நெனச்சு போட்டோ புடிக்காக. அது அவரு அப்பனும் ஆத்தாளும். அவரு கெடக்குறது பிலடெல்பியாவுல. அங்க அவரு கல்லு மேல வந்தவன் போனவன்லாம் சல்லிக்காசு எறிஞ்சு எறிஞ்சு பளிங்கே பழுதாகி, அதைச் சரி பண்ண ஊரு கூடி நிதி திரட்டுனாக. சிக்கனம் சொன்ன மனுசனுக்கு வந்த செலவப் பாத்தியா? ஆனா கல்லு மேல கெடக்குற காசை எடுத்துறாத. டப்பாவுல ஒரு சாமான எடுத்து ஒரு சாமான வைக்கிற பழக்கம் ஒங்களுக்கு உண்டும்லா, அது டப்பாவோட நிக்கட்டும். பட்டாளத்துக்காரன் கல்லுல காசும் யூதர் கல்லுல கூழாங்கல்லும் வந்து பாத்தவுக வச்ச அடையாளம்.

ஏ, சாயாத! நம்மூருல புள்ளத்தாச்சியாச் செத்தவளுக்கு சுமைதாங்கிக் கல்லு நடுவோம், பாரத்த எறக்கி வைக்கிறதுக்குன்னே. இது அந்தக் கல்லு இல்ல. பலகைக் கல்லு. பனிக்காலத்துல கீத்துக்குள்ள எறங்குன தண்ணி ஒறைஞ்சு ஏடு ஏடாப் பிரியும். மண்டையோட்டுக்கு றெக்கை வச்சு என்ன அழகாச் செதுக்கியிருக்கான் பாரு, நீ சாஞ்சா அந்த றெக்கையே பறந்துரும். எழுத்துப் புரியலன்னு சுண்ணாம்போ சவரக் க்ரீமோ தடவுனா தொலைச்சுப்புடுவேன். தாளை வச்சுத் தேய்ச்சுப் படி எடுக்கவும் இந்த ஊருல தடை. ஒங்காத்தா கைப்பையில கண்ணாடி இருக்கும்லா, அதை வச்சு வெயிலைத் திருப்பு. எழுத்து தன்னால எந்திரிச்சு நிக்கும்.

அப்பொறம் இந்தப் பம்முற சோலி. ஆட்டத்துல சேராதவனுக்கு மக்கிள்னு பேரு வச்சு, அவன் கண்ணுல படாமத் தேடுறீகளாம். ஹாரி பாட்டர்ல இருந்து எடுத்த பேராம்லா! அப்ப நான் மக்கிள், இங்க படுத்திருக்குறவன் அம்புட்டுப் பேரும் மக்கிள். கல்லறையில பம்முறவனைப் பாத்தா ஊரு வேற என்னலே நெனைக்கும்? 2005-ல தெற்கு கரோலினாவுல அனுமதி இல்லாமக் கல்லறையில டப்பா வச்சா குத்தம்னு கீழவையில மசோதாவே நிறைவேத்துனாக. சட்டமாகல. ஆனா அம்புட்டுத் தூரம் போச்சுல்லா! பொறுப்புல உள்ளவுககிட்ட வாய் தெறந்து ஒரு வார்த்த கேளு. எங்கயாச்சும் எழவுக்குக் கருப்புத் துணி போட்ட கூட்டம் நின்னா திரும்பி வந்துரு, டப்பா எங்கயும் ஓடிராது.

நீ புத்திசாலிதான். உள்ள டப்பா இல்லாம, கல்லுல இருக்குற வருசத்தைக் கூட்டிக் கழிச்சா வெளிய இருக்குற டப்பாவுக்கு வழி வாரது மாதிரித்தான தேடிக்கிட்டிருக்க? அது நல்ல வெளையாட்டு. டப்பாவுக்காகவாச்சும் செத்தவன் பேர ஒருத்தன் முழுசா வாசிக்கான்.

கூட்டிட்டியா? ரெண்டு தெரு தள்ளியா? வா, போவோம். அந்த டப்பாவுல ஒரு நோட்டு இருக்கும், பேரு எழுதணும்னு சொன்னேல்லா? பேனாவ எங்கிட்டக் குடு, தமிழ்ல எழுதுதேன். சித்திரகுப்தன் நோட்டுல ஏறுறதுக்கு முன்னால இதுல ஏறட்டும்.