நிறுத்த வேண்டியது எதை?

கேள்வி: என் மருமகள் ஐந்து மாதக் கர்ப்பிணி. நர்ஸம்மா கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையைக் காலை டீயோடு விழுங்குகிறாள். குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்கிறாள். நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: நிறுத்துங்கள், அந்த டீயை! மாத்திரை பாவம், அதன் வேலையைச் செய்யட்டும். டீ, காபியில் உள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு ரத்தத்தில் சேரவிடாது. எலுமிச்சைச் சாறோடு கொடுத்துப் பாருங்கள்; இரும்பு சுலபமாகச் சேரும். டீ இல்லாமல் முடியாதென்றால் இரண்டு மணி நேரம் கழித்துக் குடிக்கட்டும். கால்சியம் மாத்திரைக்கும் அதே இடைவெளி. இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரும்புக்குத்தான் நஷ்டம்.

கறுப்பு நிறம், உடம்பில் சேராத இரும்பு வெளியேறுவதால் வருவது. பயமில்லை. தார்போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனாலோ வயிறு வலித்தாலோ உடனே டாக்டரிடம் போங்கள்.

வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும் என்பது உண்மைதான். ஆனால் குமட்டிக் குப்பைத்தொட்டிக்குப் போகிற மாத்திரையால் யாருக்கு லாபம்? இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போடட்டும். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, பழம்.

கர்ப்ப காலத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் இன்னொரு 180 நாள் என்பது அரசுத் திட்டத்தின் கணக்கு. தெம்பு வந்ததும் நடுவில் விட்டுவிடாதீர்கள்.

வீட்டில் குழந்தை இருந்தால், அந்தச் சிவப்பு மாத்திரையை மிட்டாய் என்று நினைத்துவிடும். நாலைந்து விழுங்கினாலே ஆபத்து, உயிரே போகலாம். எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள்.