அரியல், அரிசி, பீப்பாய்: கடைசிப் பாத்திரக் கோட்பாட்டுக்குத் தா.பழூரிலிருந்து ஒரு முன்னுரை

விஸ்கியைச் சுவைத்துக் குறிப்பெழுதும் மேலைநாட்டுப் பண்டிதர்கள் கோப்பையைச் சாய்த்துப் பார்ப்பார்கள், மூக்கை உள்ளே விடுவார்கள், ஒரு வாய் எடுத்துக் கொப்பளித்துத் துப்புவார்கள். பிறகு, உலர்திராட்சை, அத்திப்பழம், தோல் நாற்காலி என்று எழுதுவார்கள். குப்பிக்குள் திராட்சையும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. ரை விஸ்கி என்றால் உள்ளே போனது ரை என்னும், தமிழில் பெயர் பெறாத ஒரு குளிர்நாட்டுத் தானியம். அமெரிக்கச் சட்டப்படி ரை விஸ்கியின் தானியக் கலவையில் குறைந்தது 51 சதவீதம் அதுவாக இருக்க வேண்டும். வடித்த சாராயம் உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் மரக் கலத்தில் கிடக்க வேண்டும். அதோடு விட்டிருந்தால் மிளகுக் காரமும் கிராம்பு வாசமுமாக முடிந்திருக்கும். ஆனால் இப்போது சிலர் அதை வெளியே எடுத்து, ஸ்பெயின் நாட்டு ஷெர்ரி மது குடியிருந்த இன்னொரு பீப்பாயில் சில மாதங்கள் ஊற வைக்கிறார்கள். இந்தக் ‘கடைசி ஊறல்’தான் திராட்சைக்கும் நாற்காலிக்கும் பொறுப்பு. (ஊறல் என்ற நல்ல சொல்லை மதுவிலக்குப் போலீசின் பறிமுதல் கணக்கிலிருந்து மீட்டுத்தான் இங்கே பயன்படுத்த வேண்டியிருக்கிறது.) ஆக, நாக்கு நமக்குச் சொல்வது தானியத்தின் குலத்தை அல்ல, அது கடைசியாகக் குடியிருந்த வீட்டை. இதைக் கடைசிப் பாத்திரக் கோட்பாடு என்று பெயரிடலாம். இதற்கான மூத்த சான்றைத் தேடி ஷெர்ரியின் ஊரான ஹெரேஸுக்கோ அமெரிக்க விஸ்கியின் கென்டக்கிக்கோ போக வேண்டாம். அரியலூர் மாவட்டம் தா.பழூர்ப் பக்கம் அடுப்பங்கரை மூலையில் கவிழ்த்து வைத்திருக்கும் பழைய சோற்றுப் பானையே போதும் என்பது இக்கட்டுரையின் துணிபு.

முதலில் மாவட்டத்தின் தகுதியை நிறுவிவிடுவோம். சங்கத் தமிழில் அரியல் என்றால் வடிகட்டிய கள். எனவே அரியலூர் என்பது கள்ளூர். அரி உறையும் ஊர் என்பதே பெயர்க் காரணம் என்று வைணவர்கள் மறுப்பார்கள். கோதண்டராமசாமி கோயில் தூண்களில் நிற்கும் தசாவதாரங்களையும் சாட்சிக்கு அழைப்பார்கள். அவதாரங்கள் பத்தோடு வாதாடுவது ஆய்வாளனுக்கு அழகல்ல என்பதால் இந்த வாதத்தை வாபஸ் வாங்கிக்கொண்டு, பயனை மட்டும் வைத்துக்கொள்கிறோம். வேறு சான்றும் உண்டு: அரியலூரில் சடகோப ஐயங்காரிடம் தமிழ் படித்த ஒரு சிறுவன்தான் பின்னாளில் உ.வே.சாமிநாதையராகி 1889இல் பத்துப்பாட்டை அச்சிட்டார். அந்தத் தொகுப்பிலுள்ள திருமுருகாற்றுப்படையிலும் மலைபடுகடாத்திலும் குறிஞ்சி மக்கள் தேனில் செய்த தேறலை மூங்கில் குழாயில் விளைய வைத்துக் குடிக்கிறார்கள். குடத்தில் இருந்திருக்கக்கூடிய ஒன்றை மூங்கிலுக்கு மாற்றுகிறவனுக்குக் கோட்பாடு தெரியாது என்று எப்படிச் சொல்வது? நாட்பட்ட தேறல் தேள் கொட்டினாற்போல் கடுக்கும் என்று புறநானூற்றில் ஔவையார் பாடியது, நமக்குக் கிடைத்த சுவைக் குறிப்புகளில் மிகச் சுருக்கமானது. ரை விஸ்கியின் காரத்துக்கு இன்றுவரை அதைவிடத் துல்லியமாக யாரும் எழுதவில்லை. மாவட்டத்தின் இன்னொரு சான்று அளவில் பெரியது. கங்கையிலிருந்து குடங்களில் வந்த நீரை ராஜேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தில் சோழகங்கம் என்ற ஏரியில் சேர்த்ததைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீராலான வெற்றித்தூண் என்கிறது. குடத்தில் வந்ததை ஏரியில் முடித்தது கடைசி ஊறலன்றி வேறென்ன? கலப்பட விகிதம் சற்று அதிகம் என்பது உண்மைதான்.

இனி பானைக்கு வருவோம். புதுப் பானையில் யாரும் எடுத்தவுடன் சோற்றைப் போடுவதில்லை. அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றி, நாள்தோறும் மாற்றி, மண்வாசம் அடங்கும்வரை வைத்திருப்பார்கள். இதற்குப் பானை பழக்குதல் என்று பெயர். ஹெரேஸில் நடப்பதும் இதே. ஒரு காலத்தில் ஷெர்ரி பீப்பாயிலேயே இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. காலியான பீப்பாய்கள் விஸ்கிக்காரர்களுக்கு மலிவாகக் கிடைத்தன. 1980களில் ஷெர்ரியை ஸ்பெயினிலேயே குப்பியில் அடைக்க வேண்டும் என்றானதும் அந்த வரத்து நின்றது. அதன்பின் விஸ்கிக்காகவே பீப்பாய் செய்து, அதைப் பழக்குவதற்காகவே ஷெர்ரியை ஊற்றி ஓரிரு வருஷம் வைத்திருந்து வெளியே எடுக்கிறார்கள். அந்த ஷெர்ரி பெரும்பாலும் மேசைக்கு வருவதில்லை, வினிகராகவோ மறுபடி வடிப்பதற்கோ போய்விடுகிறது. அதாவது பீப்பாய்க்காகத்தான் மது, மதுவுக்காகப் பீப்பாய் இல்லை. பானைக்காகக் கழுநீர் என்ற தா.பழூர் நியதி ஸ்பெயினில் தாமதமாக நடைமுறைக்கு வந்தது என்று கொள்ள இது போதும். ஷெர்ரி என்றதும் கேக்கின் உச்சியில் இருக்கும் சிவப்புப் பழத்தை நினைப்பவர்களுக்கு ஒரு சொல்: அது வேறு. ஆனால் நம் பேக்கரிகளில் செர்ரி என்று வைப்பதும் பல நேரம் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய்தான். ஊறி முடிந்ததும் களாக்காய் தன் பெயரையே மாற்றிக்கொண்டது. கோட்பாட்டுக்கு இன்னொரு சாட்சி.

எதிர்வாதங்கள் உண்டு. பீப்பாயில் மாதக்கணக்கு, பானையில் ஒரே இரவு, இரண்டும் ஒன்றாகுமா என்பது முதலாவது. காலத்தை நாட்காட்டியால் அளப்பதில் வரும் பிழை இது. ஸ்காட்லாந்துக் கிடங்கில் ஆண்டுக்கு சுமார் 2 சதவீதம் ஆவியாகப் போகும் விஸ்கி, பெங்களூரில் 10 சதவீதத்துக்கு மேல் போகிறது. இந்தச் சூட்டில் சீக்கிரம் முதிர்ந்த, அவ்வூர் அம்ருத் நிறுவனத்தின் சிங்கிள் மால்ட் விஸ்கியைத்தான் 2004இல் கிளாஸ்கோவுக்கே கொண்டுபோய் விற்றார்கள். பெங்களூருக்கே இந்த வேகம் என்றால் அக்னி நட்சத்திரத்தில் கொள்ளிடக் கரையில் ஓர் இரவு எத்தனை மாதத்துக்குச் சமம் என்பதை வாசகரே கணக்கிடலாம். பழைய சோற்றின் புளிப்பு நுண்ணுயிர்களின் வேலை, பானைக்கு அதில் பங்கில்லை என்பது அடுத்தது. இதில் பாதியை ஒப்புக்கொள்ள வேண்டும். புளிக்க வைப்பவை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான். ஆனால் பானையின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகி உள்ளே குளிர்ச்சியைக் காப்பதால், புளிப்பு ஓடாமல் நடக்கிறது. அதே சோற்றை எவர்சில்வர் தூக்கில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் திறந்து பார்ப்பவருக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது. மூன்றாவது எதிர்வாதம் கனமானது: விஸ்கியில் போதை உண்டு, நீராகாரத்தில் இல்லை. ஆனால் தேர்ந்த சுவைஞர்கள் எடுத்த வாயைத் துப்பிவிடுகிறார்கள் என்பதை மேலே கண்டோம். போதையைத் துப்பிவிட்ட பிறகு இரு தரப்பும் சம நிலைக்கு வருகின்றன. நீராகாரத்தை யாரும் துப்புவதில்லை என்பதால் ஆய்வு முறையில் தா.பழூர் ஒரு படி மேலே நிற்கிறது.

சுவைச் சொற்களிலும் அப்படியே. ஓக் மரம் தரும் டானின் நாக்கை இழுத்துப் பிடிக்கும்போது ஆங்கிலக் குறிப்புகள் அதைச் சுவை என்று சொல்லத் தயங்கி, வாயில் ஏற்படும் உணர்ச்சி என்று தனிக் கணக்கில் எழுதுகின்றன. தமிழில் துவர்ப்பு அறுசுவையில் ஒன்று. ரையின் கார்ப்பும் அப்படியே. ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கத்து முந்திரிப்பழத்தைக் கடித்துத் தொண்டை கரகரத்தவருக்கு ஷெர்ரி பீப்பாயின் இனிப்பும் துவர்ப்பும் சேர்ந்த கடைசிப் பிடியை விளக்க நாற்காலி தேவையில்லை. அந்த நாற்காலியைச் சுவைத்துப் பார்த்துத்தான் எழுதினார்களா என்ற கேள்வியை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறோம்.

மிஞ்சுவது சிக்கன வாதம். பீப்பாயைப் பழக்கிய ஷெர்ரி வினிகராகிறது; பானையைப் பழக்கிய கழுநீர் வீண்தானே என்று கேட்கலாம். கழுநீர் மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. மாடு குடித்துப் பால் கறக்கிறது, பால் தயிராகிறது, தயிர் மோராகி, உப்பும் சின்ன வெங்காயமும் துணைவர, மறுநாள் காலையில் அதே பானைச் சோற்றுக்கே திரும்பி வருகிறது. ஹெரேஸ் வினிகர் பீப்பாய்க்குத் திரும்புவதில்லை. எங்கோ ஒரு தட்டில் கீரை இலைகளின் மேல் தெளிக்கப்பட்டு முடிந்துவிடுகிறது.